கொடிக்குத் தண்ணீர் ஊற்றியவள்

மதில் ஓரமாக வைக்க ஒரு கொடி வேண்டும் என்று சென்னையில் எந்த நர்சரியில் கேட்டாலும் முதலில் எடுத்துக் காட்டுவது காகிதப்பூவைத்தான். போகன்வில்லா என்றும் சொல்வார்கள். வெயில் தாங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது, முள் இருப்பதால் சுவரேறிக் குதிப்பவனும் யோசிப்பான். இவ்வளவு நல்ல பதில் கையில் இருக்கும்போது வேறு கேள்வி எதற்கு என்று தோன்றும். ஆனால் இதே கேள்விக்கு ஒரு காலத்தில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மல்லி, முல்லை, சாதிமல்லி, அவரை என்று வேறு பெயர்களும் பதிலாக வந்தன. அந்தப் பெயர்கள் பட்டியலில் பின்னுக்குப் போனதற்கு வெயில் காரணமில்லை. வெயில் அன்றும் இருந்தது. எந்தச் சுவரில் எந்தக் கொடி ஏறும் என்பதை மண்ணும் வெயிலும் பாதிதான் தீர்மானிக்கின்றன. மீதிப் பாதியைத் தீர்மானிப்பது, அந்தக் கொடிக்கு யார் தண்ணீர் எடுத்து ஊற்றுகிறார் என்பது.

சென்னையைப் பாலைவனம் என்று யாரும் சொல்வதில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் கடற்கரை நகரம் இது. ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஜனவரியிலிருந்து மே வரை பெய்வது சொற்பம். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பகலில் காய்ந்த மதில் சுவர் இரவு வெகுநேரம்வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். ஒரு கொடிக்கு ஆண்டுச் சராசரி தெரியாது. அந்த ஐந்து மாதங்களைத் தாண்டினால்தான் அதற்கு அடுத்த மழை.

நம் இலக்கிய மரபுக்கு இது புதிதல்ல. குறிஞ்சிக்கும் முல்லைக்கும் மருதத்துக்கும் நெய்தலுக்கும் தனித்தனி நிலம் வகுத்த மரபு, பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. கோடையின் கொடுமையில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பை இழக்கும்போது கொள்ளும் கோலம்தான் பாலை என்று விளக்குகிறது சிலப்பதிகாரம். அதாவது பாலை என்பது வரைபடத்தில் இருக்கும் இடமல்ல. ஒரு பருவத்தில் ஓர் இடத்துக்கு நேர்வது. ஆண்டில் சில மாதம் பாலையாகிவிடும் ஊரில், நாம் வைக்க விரும்பும் கொடியின் பெயரோ முல்லை. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குடம் குடமாக நிரப்பியவர்கள் பெண்கள்.

முல்லை நமக்கு ஒரு செடி மட்டுமல்ல. அது ஒரு நிலம், ஓர் ஒழுக்கமும்கூட. முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். போருக்கோ வேறு வினைக்கோ போனவன் கார்காலத்தில் திரும்பிவிடுவான் என்று வீட்டில் ஆற்றியிருப்பவளின் திணை அது. முல்லை பூத்துவிட்டது, அவன் இன்னும் வரவில்லை என்று தலைவி கலங்குவதும், இது கார்காலமே அல்ல, பூ ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி சமாதானம் சொல்வதும் நாம் பாடமாகப் படித்தவை. முல்லைப் பூவே கற்பின் அடையாளமானது. கொடி என்றால் பெண், அவள் படர ஒரு கொழுகொம்பு வேண்டும் என்ற உவமையை அதற்குப் பிறகு வந்த கவிஞர்கள் எத்தனை நூற்றாண்டுகள் தேய்த்தார்கள் என்று எண்ணி முடியாது.

அந்த உவமையின் உச்சம் பாரி. படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தன் தேரையே கொடுத்த வள்ளல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் அந்தத் தேர் புறநானூற்றில் எந்தச் சந்தர்ப்பத்தில் பேசப்படுகிறது என்று கவனித்தால் கதை மாறும். பாரி கொல்லப்பட்ட பிறகு, ஆதரவில்லாத அவன் மகளிர் இருவரை அழைத்துக்கொண்டு கபிலர் ஒவ்வொரு சிற்றரசனாகத் தேடிப் போகிறார். விச்சிக்கோனிடம் அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டும் 200ஆம் பாட்டிலும், இருங்கோவேளிடம் வேண்டும் 201ஆம் பாட்டிலும் அந்தப் பெண்களுக்கு அறிமுகமாகச் சொல்லப்படுவது முல்லைக்குத் தேர் கொடுத்த கதைதான். 201இல் கபிலரே கேள்வியையும் எழுப்புகிறார்: இவர்கள் யார் என்று நீ கேட்பாயானால்? பதிலில் முல்லை இருக்கிறது, தேர் இருக்கிறது, யானை இருக்கிறது, பறம்பு மலை இருக்கிறது, தந்தையின் பெயர் இருக்கிறது. பெண்களின் பெயர் இல்லை. இரண்டு அரசர்களுமே மறுத்துவிட்டார்கள்.

இந்தப் பாடலை நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து, "அந்தப் பொண்ணுங்க பேரு என்னம்மா?" என்று கேட்டாள். அங்கவை, சங்கவை என்று பின்னாள் மரபு சொல்கிறது என்றேன். "அப்போ பாட்டுல இல்லையா?" என்றாள். இல்லை. அந்தப் பெண்கள் தாங்களே பாடிய 112ஆம் பாட்டைக்கூடப் பாரி மகளிர் பாடியது என்றுதான் ஏடு பதிந்து வைத்திருக்கிறது. இத்தனைக்கும் கபிலர் பெயர்களில் கஞ்சர் இல்லை. அவர் பெயரில் வழங்கும் குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியரும் பறித்துக் குவித்ததாக 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பட்டியலைச் சொல்பவள் தோழி; ஒரு பெண். மலைச்சாரலின் தாவர அறிவு முழுவதும் அவள் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. 99 பூவுக்குப் பெயர் தெரிந்த இலக்கியத்தில் இரண்டு பெண்களின் பெயர் விடுபட்டுப்போனது.

பெயரும் தண்ணீரும்தான் இந்த வரலாற்றின் இரண்டு இழைகள். இரண்டையும் பிடித்துக்கொண்டு தியாகராய நகருக்கு வருவோம். இன்று கூட்டத்தில் மூச்சு முட்டும் அந்த நகர், ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கம் முதல் மாம்பலம் பக்கம் நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கியது அது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். நடுவில் பனகல் அரசர் பெயரில் பூங்கா. உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை, சௌந்தரபாண்டியனார் பெயரால் பாண்டி பஜார் என்று அந்த இயக்கத்து ஆண்கள் தெருத்தெருவாக இன்றும் நினைவில் இருக்கிறார்கள். ஏரியின் நினைவாக மேற்கு மாம்பலத்தில் ஒரு லேக் வியூ சாலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரியாது.

ஏரித்தரையில் மனை போட்டுக் கட்டிய வீடுகளில் சுற்றிலும் இடம் விட்டு, மதில் எழுப்பி, கொல்லையில் கிணறு வெட்டினார்கள். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் தெருவோடு திண்ணை ஒட்டியிருக்கும். கொடி ஏறக் கொல்லைப்புறம்தான் உண்டு. புதிய நகரில் வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் மதில். அடையாற்றில் தோட்டம் இன்னும் பெரிது. மதில் இருந்தால் அதில் எதையாவது படரவிட வேண்டும் என்ற ஆசை தானாக வரும். மல்லிப் பந்தல், முல்லைப் பந்தல், சமையலறைக்குப் பின்னால் அவரைப் பந்தல் என்று அந்த வீடுகளைப் பற்றிய நினைவுகள் இன்றும் மணக்க மணக்க எழுதப்படுகின்றன. அந்த நினைவுகளை எழுதுபவர்கள் பூ வாசத்தைச் சொல்வார்கள், வாசலைச் சொல்வார்கள், பாட்டியின் கைப்பக்குவத்தைச் சொல்வார்கள். கிணற்றங்கரையிலிருந்து பந்தல்வரை எத்தனை நடை என்று சொல்லமாட்டார்கள்.

நாம் சொல்லிப் பார்க்கலாம். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் கவாத்து செய்ய வேண்டும். சாதிமல்லியை டிசம்பர் கடைசியில். முல்லையை ஜனவரி கடைசியில். வெட்டிய பிறகு துளிர்த்து, மொட்டு கட்டி, பங்குனி சித்திரையில் பூத்துக் குலுங்கும். அதாவது வானம் கைவிடும் நேரத்தில்தான் செடிக்குப் பசி அதிகம். இரண்டு கொடிக்கு நாளொன்றுக்கு ஒரு குடம் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்க் குடம் சுமார் 15 லிட்டர் கொள்ளும். மார்ச் முதல் ஜூன் வரை 122 நாட்கள். 1,830 லிட்டர். இடுப்பில் ஏறி இறங்கிய எடை ஏறக்குறைய 1.8 டன். இதைத் தோட்ட வேலை என்றுகூட யாரும் கணக்கெழுதியதில்லை. விடியலில் வாசல் தெளித்து, அடுப்பு மூட்டி, துணி துவைத்து, அதற்கு நடுவே "அப்படியே அந்தக் கொடிக்கும் ரெண்டு வாளி ஊத்திடு" என்று சொல்லி முடித்த வேலை. வீட்டுப் பெண் செய்தால் அது அவளுடைய ஆசை; வேலைக்கு வந்த பெண் செய்தால் அது சம்பளத்தில் சேராத உபரி.

பூத்த பிறகும் அந்தப் பூ எல்லோருக்கும் இல்லை. கைம்பெண்ணான ஒருத்தி கொடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், உதிர்ந்ததைப் பெருக்கலாம். அதில் ஒரு மொட்டைத் தன் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. மயிலாப்பூரில் 1886இல் பிறந்து, குழந்தையிலேயே கணவனை இழந்து, 1911இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே இளம் கைம்பெண்கள் தங்கிப் படிக்க இல்லம் தொடங்கி, பின்னர் அதைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸில் நடத்திய சகோதரி சுப்புலட்சுமியின் வாழ்க்கையை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். அவர் திறந்துவிட்டது பள்ளிக்கூடத்தின் கதவு. பூவின் கதவு அதற்குப் பிறகும் வெகுகாலம் சாத்தியே இருந்தது. பல வீடுகளில் இன்னும் சாத்தியிருக்கிறது. மல்லிக்கொடி என்பது மணம் மட்டுமல்ல, யார் சுமங்கலி, யார் இல்லை என்று தினமும் காலையில் எடுக்கப்படும் வருகைப்பதிவும்தான்.

அதனால்தான், "அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு மல்லிப் பந்தல், இப்போது எங்கே பார்த்தாலும் காகிதப்பூ" என்ற புலம்பலோடு என்னால் ஒத்துப்போக முடிவதில்லை. வாசம் போனது உண்மை. பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கி, தனி வீடுகள் இடிபட்டு அடுக்ககங்கள் எழுந்து, கிணறுகள் வற்றி ஆழ்துளைக் குழாய்கள் இறங்கியபோது அந்த 1.8 டன்னைச் சுமக்க ஆளில்லாமல் போனது. ஆளில்லாமல் போனதை அழகில்லாமல் போனதாகப் பேசுகிறோம். காகிதப்பூ ஜெயித்தது தன் அழகால் அல்ல. யாரையும் வேலை வாங்காததால்.

அந்தக் காகிதப்பூவின் கதையும் ஒரு பெண்ணிடமிருந்தே தொடங்குகிறது. பிரான்சின் பூகென்வில் 1766இல் உலகைச் சுற்றிவரக் கிளம்பிய கடற்பயணத்தில், தாவரவியலாளர் கொமர்சோனின் உதவியாளாக ஓர் 'இளைஞன்' கப்பலேறினான். கடற்படைக் கப்பல்களில் பெண்களுக்கு அனுமதி இல்லாத காலம். அந்த இளைஞனின் உண்மைப் பெயர் ழான் பாரே. பர்கண்டிப் பகுதியில் எளிய குடும்பத்தில் 1740இல் பிறந்த பெண். 1767இல் கப்பல் ரியோ டி ஜெனிரோவில் நின்றது. கொமர்சோனுக்குக் காலில் ஆறாத புண். மலையேறிச் செடி சேகரித்ததும், அழுத்திக் காயவைக்கும் பலகைகளைச் சுமந்ததும் பெரும்பாலும் பாரேதான். நாம் காகிதப்பூ என்று சொல்லும் செடி ஐரோப்பிய அறிவியலுக்கு வந்து சேர்ந்தது அந்த ரியோ சேகரிப்பின் வழியாக. அதை முதலில் பறித்த கை பாரேயின் கையாகவே இருந்திருக்க வேண்டும் என்று அவரைப் பற்றி 2010இல் நூல் எழுதிய கிளினிஸ் ரிட்லி வாதிடுகிறார்.

செடிக்கு வைத்த பெயர் தளபதியுடையது. 1789இல் ழுஸ்யூ அதை அச்சில் பதிந்தார். பாரே பெண் என்பது 1768இல் தஹிதித் தீவில் வெளிப்பட்டதைப் பூகென்வில் தன் பயண நூலில் எழுதினார். பாரேயும் கொமர்சோனும் மொரீஷியஸில் இறங்கிக்கொண்டார்கள். 1773இல் கொமர்சோன் அங்கேயே இறந்தார். பாரே அங்கு மதுக்கடை நடத்தி, ஒரு சிப்பாயை மணந்து, பிரான்சுக்குத் திரும்பினார். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறோம். 1785இல் பிரெஞ்சுக் கடற்படை அவருக்கு ஆண்டுக்கு 200 லிவ்ர் ஓய்வூதியம் தந்தது. கொமர்சோன் ஒரு மடகாஸ்கர் செடிக்கு அவர் பெயரை வைக்க எண்ணியிருந்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அவர் பெயரில் ஒரு தாவரம் முறையாகப் பதிவானது 2012இல்: தென் அமெரிக்காவின் கத்தரிக் குடும்பச் செடி ஒன்று, சொலானம் பாரேட்டியே. ரியோவில் செடி சுமந்து 245 ஆண்டுகள் கழித்து.

கப்பலேறி உலகெங்கும் பரவிய காகிதப்பூ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இந்தியாவின் தோட்டங்களுக்கும் வந்தது. வந்தபின் இன்னொரு பெயர் வரலாறு தொடங்கியது. தோட்டங்களில் நாம் பார்க்கும் ஆழ்ந்த சிவப்பு வகைகள் பலவற்றுக்குத் தாய், 'மிஸஸ் பட்' என்ற வகை. கொலம்பியாவின் கார்ட்டஹீனாவில் ஒரு தோட்டத்தில் அதைக் கண்டெடுத்து 1910 வாக்கில் ட்ரினிடாடுக்குக் கொண்டுவந்த பெண்மணியின் பெயர் அது. பெயர் என்றால் அவருடைய கணவரின் பெயர். அந்தக் கலப்பினத்தின் லத்தீன் பெயரிலும் 'பட்டியானா' என்று அதே பட் ஏறிக்கொண்டார்.

இது எங்கோ தொலைவில் நடந்ததில்லை. தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் நடுவில் நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. 1920இல் அதைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். இந்தியத் தோட்டங்களில் வளரும் காகிதப்பூ வகைகளில் ஒன்றின் பெயர் 'மிஸஸ் எச்.சி. பக்'. அவர் மனைவியின் பெயர் மேரி. செடியின் பெயர்ச்சீட்டில் கணவரின் முதலெழுத்துகள் இருக்கின்றன, குடும்பப் பெயர் இருக்கிறது, மேரி இல்லை. பாரி மகளிர், மிஸஸ் பட், மிஸஸ் எச்.சி. பக். இரண்டாயிரம் ஆண்டுக்கும் இரண்டு கண்டங்களுக்கும் குறுக்கே பெயர் வைக்கும் முறை எவ்வளவு ஒழுங்காகக் கைமாறியிருக்கிறது!

தன் பெயராலேயே தாவரத்தில் நிலைத்தவர்களும் உண்டு. சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், 1940களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் விஸ்லித் தோட்டத்தில் ஆய்வு செய்தார். அங்கே மக்னோலியாவின் ஒரு வகைக்கு 'ஜானகி அம்மாள்' என்று பெயர். திருமணமே செய்துகொள்ளாதவர். முன்னால் ஒட்டிவைக்க வேறு யாருடைய முதலெழுத்தும் கிடைத்திருக்காது.

காகிதப்பூவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் நாம் பூ என்று நினைக்கும் சிவப்பும் ஊதாவும் இதழ்கள் அல்ல, நிறம் ஏறிய இலைகள். உண்மைப் பூ அவற்றின் நடுவே குச்சிபோல நிற்கும் சிறு வெள்ளைக் குழல். வாசமில்லை, தொடுக்க வராது, தலையில் வைக்க முடியாது. குறையாகச் சொல்லப்படும் இவையே என் கண்ணுக்கு அதன் பெருமை. யார் சுமங்கலி என்று கேட்காத பூ அது. ஆனால் அதன் முள் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. மதிலின்மேல் கண்ணாடிச் சில்லுக்குப் பதிலாக நிற்கும் அது, உள்ளே இருப்பவர்களின் அழகும் வெளியே இருப்பவர்களின் தடையும். உள்ளே வேலை செய்ய வருபவள் அந்த வெளியேயிலிருந்துதான் வருகிறாள்.

2019 கோடை அதை முகத்தில் அறைந்து காட்டியது. ஜூனில் பூண்டி, செங்குன்றம், சோழவரம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஏரியைத் தூர்த்துக் கட்டிய நகருக்கு ரயிலில் தண்ணீர். எங்கள் அடுக்ககத்தில் லாரித் தண்ணீரை அளந்து விட்டார்கள். இருந்த ஒரே முல்லை காய்ந்துபோனது. மதிலில் காகிதப்பூ கொத்துக் கொத்தாக வெடித்துப் பூத்திருந்தது. படிக்கட்டு துடைக்க வரும் அக்காவிடம் அதைச் சொன்னேன். "தண்ணி கம்மியானாதாம்மா அது பூக்கும். நெறைய ஊத்துனா வெறும் எலதான்" என்றார். தோட்டக்கலைப் பாடமும் அதையேதான் சொல்கிறது. "அது குடுத்து வெச்ச செடி. எங்க தெருவுல லாரி ராத்திரி ரெண்டு மணிக்கு வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த மாடிக்குப் போனார். இரவு இரண்டு மணிக்குக் குடத்தோடு நின்றுவிட்டு, காலை எட்டு மணிக்கு எங்கள் படிக்கட்டில் தண்ணீர் ஊற்றித் துடைப்பவர் அவர்.

அந்த அக்காவைப் போன்றவர்களின் வீடுகளிலும் கொடிகள் உண்டு. அந்தக் கொடிகள் வேறு. குடிசைக் கூரைமேல் ஏறிய சுரையும் பீர்க்கும், வேலியில் தானாக வந்த கோவையும், சந்துச் சுவரில் முளைத்த முடக்கத்தானும் தூதுவளையும் பிரண்டையும். பாத்திரம் கழுவிய தண்ணீர்தான் அவற்றுக்குப் பாசனம். ஆடியில் ஊன்றிய அவரை பொங்கல் சமயத்தில் காய்க்கும். மழை மாதங்கள் நடுவில் வருவதால் குடம் சுமக்கும் வேலை குறைவு. பிரண்டையின் சதைப்பிடிப்பான நாலுபட்டைத் தண்டு தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். கோவைக்கு மண்ணுக்குள் கிழங்கு. மேலே காய்ந்தாலும் மழை விழுந்ததும் மறுபடி கிளம்பும். பாலையாகும் ஊரில் எதைச் சுவரேற்றலாம் என்ற கேள்விக்கு இந்தப் பெண்கள் கண்டுபிடித்த விடைகள் அலங்காரத் தோட்டப் புத்தகங்களின் பக்கங்களில் இடம் பெறுவதில்லை. சட்டிக்குப் போகும் செடியை அழகு என்று யார் பதிவார்கள்?

கூரையும் வேலியும் பிறகு அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டன. 2000 முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் குடும்பங்கள் நகரின் ஓரத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டன. நீதி கேட்டு ஊரை எரித்தவளின் பெயரை ஒரு குடியிருப்புக்கு வைத்தது மட்டும் அரசுக்குச் சுலபமாக இருந்தது. அடுக்குமாடியில் சொந்தமாக மண்ணில்லை, மதிலில்லை. ஜன்னல் கம்பிதான் பந்தல். பெயின்ட் வாளிதான் நிலம். அந்த வாளியிலும் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் சங்குப்பூ.

சங்குப்பூவை இந்த ஊர்ச் சுவர்களுக்கு நான் முதலில் சொல்வேன். நீலமும் வெள்ளையுமாகக் குறிஞ்சிப்பாட்டின் பட்டியலில் இரண்டு இடம் பிடித்த பழங்கொடி. கருவிளை, செருவிளை என்று அங்கே பெயர். விதை போட்டால் வரும், அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்கு உரமும் சேர்க்கும், ஆழ வேர் விட்டுவிட்டால் கோடையைத் தாண்டும். அதன் அறிவியல் பெயர் கிளிட்டோரியா. பூவின் வடிவம் பெண்ணுறுப்பை நினைவூட்டியதால் அப்படி வைத்தார்கள். 1753இல் லின்னேயஸ் அதை நிலைநிறுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் உள்ளிட்ட தாவரவியலாளர்களுக்கு அது கூசியது. மாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. பெண்ணின் பெயர்கள் எல்லாம் அழிந்த ஏட்டில், பெண்ணுடலின் ஒரு பெயர் மட்டும் யாராலும் அழிக்க முடியாமல் பூத்துக்கொண்டிருக்கிறது. வடமொழியில் இதே பூவுக்கு அபராஜிதா, தோற்காதவள், என்று பெயர்.

வாசம் வேண்டுபவர்களுக்கு ரங்கூன் மல்லி. மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவந்து முடியும். வேர் பிடித்தபின் மல்லியளவு தண்ணீர் கேட்காது. ஆனால் கனமாகப் படரும், வலுவான கம்பி வேண்டும். அதன் பழைய லத்தீன் பெயர் குவிஸ்குவாலிஸ். யார், எப்படிப்பட்டது என்று பொருள். பதினேழாம் நூற்றாண்டில் ரம்பியஸ் வைத்த பெயர். இவர்கள் யார் என்று கேட்பாயானால் என்று இருங்கோவேளிடம் கபிலர் தொடங்கிய கேள்வியே ஒரு பூவுக்குப் பெயராக அமைந்துவிட்டது. காகிதப்பூவும் இருக்கட்டும். குறைந்தது ஐந்தாறு மணிநேரம் நேர் வெயில், முதல் ஆண்டு மட்டும் ஒழுங்கான தண்ணீர், சுவரில் தானாகப் பற்றாது என்பதால் கட்டிவிட ஒரு கம்பி, ஒவ்வொரு பூப்புக்குப் பின்னும் ஒரு வெட்டு. கடற்காற்றையும் ஓரளவு தாங்கும் என்பதால் பெசன்ட் நகர்ப் பக்கமும் வரும். மல்லியும் முல்லையும் வேண்டும் என்றால் அதுவும் சரி. குடத்தை எடுப்பது யார் என்று முதலில் பேசி முடிவுசெய்துவிட்டு வாங்கிவரலாம். அந்த வேலை சம்பளத்துக்கு உரியது என்றால் சம்பளத்தில் சேர்க்கலாம். என்ன கொடி வைக்கலாம் என்பதையும் ஊற்றப்போகிறவரிடமே கேட்கலாம். அவருக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

தமிழ்த்துறைகளில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களுக்கு இன்றைய தாவரப் பெயர் கண்டுபிடிக்கும் ஆய்வுகள் நிறைய வந்துவிட்டன. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் மாடிக்கு மாடி ஏறி, ஜன்னல் கம்பிகளில் படர்ந்திருப்பவற்றை ஒரு முறை பட்டியலிடலாம். கொடியின் பெயர், அதை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், எந்தத் தண்ணீரை ஊற்றுகிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதே வரிசையில், அவர்கள் விரும்பினால், நட்டவளின் பெயர். இன்னாரின் மகள் என்றோ இன்னாரின் மனைவி என்றோ இல்லாமல், அவள் சொல்லும் பெயர்.